பார்த்தவர் டப்பா

அவர் திருச்சிப் பக்கத்துக்காரர் என்று கேட்டிருக்கிறேன். பார்க்கவில்லை. இப்படிப் பிரித்துப் பேசும் வழக்கத்தை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனவரே அவர்தான். இன்றைக்கும் யாராவது வந்து பதுளை ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம் என்றால், என் வாய் என்னைக் கேட்காமலே அவருடைய கேள்வியைக் கேட்டுவிடுகிறது. "நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?"

நமுனுகுல மலைச் சரிவில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் மருந்து கொடுக்கிறவராக வந்தார். பெரிய படிப்புப் படித்த டாக்டர் இல்லை. மருந்து கலக்கவும் புண் கட்டவும் கொழும்பில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். ஆனாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டரையாதான். நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அவர் வந்தபோது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. வயதிலும் அவரைவிட இரண்டு மூன்று வருஷம் மூத்தவன்.

வந்த அன்று மரியாதைக்காக ஒன்று சொன்னேன். மருந்துக் கட்டடத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் அட்டை அதிகம், பார்த்துப் போங்கள் என்றேன். உடனே கேட்டார், பார்த்தேனா கேட்டேனா என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வருஷத்தில் அந்தப் பாதையில் நான் ஒரு தடவைகூட நடந்ததில்லை. கேட்டதுதான் என்று ஒப்புக்கொண்டேன். தலையை ஆட்டிவிட்டு அதே பாதையில் வெறுங்காலோடு இறங்கிப் போனார். மறுநாள் ஆபீசுக்கு வந்து, "எட்டு அட்டை" என்றார். நன்றி சொன்னது மாதிரியும் இருந்தது, குற்றம் சொன்னது மாதிரியும் இருந்தது.

காய்ச்சல் பார்க்க இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். ஒன்று சொன்னதை இன்னொன்று ஒப்புக்கொண்டால்தான் எழுதுவார். புட்டியில் ஒட்டியிருக்கிற பெயரை நம்பாமல் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். பால்காரன் ஊற்றும் பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, பால்காரனையும் ஒரு தடவை பார்ப்பார். அந்த மனுஷன் நல்ல பால் கொண்டுவரும் நாளிலும் திருடன் போல முழித்தான்.

அந்தச் சந்தேகத்தால் ஒருவர் பிழைத்ததையும் சொல்ல வேண்டும். மேல்மலையில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வீரன் என்ற கிழவர் இறந்துவிட்டார் என்று ஒரு நாள் காலையில் பெரட்டு நேரத்தில், எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, செய்தி வந்தது. ஆசாரி பெட்டிக்குப் பலகை அறுக்கத் தொடங்கிவிட்டான். நான் புத்தகத்தில் அவர் பெயரை அடிப்பதற்குப் பேனாவை மையில் தோய்த்துவிட்டேன். டாக்டரையா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே கேள்வி. மூன்று மைல் ஏறிப் போய்த் திரும்பி வந்து, "கஞ்சி கேக்குறாரு" என்றார். வீரன் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். அறுத்த பலகையை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பரண் போட்டுக்கொண்டார்.

இப்படி ஒரு ஆளைத் தோட்டம் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. காரணம், அவர் பானையைத் திறந்து பார்ப்பார்.

பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி முகம் வெளுத்து, கால் வீங்கி வந்து நிற்பாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். எல்லாந்தான் சாப்பிடுறோம் என்பாள். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். அவள் பின்னாலேயே லயத்துக்குப் போய், அவள் இருக்கிற காம்பராவுக்குள் குனிந்து நுழைந்து, அடுப்பில் இருக்கிற பானையின் மூடியைத் தூக்கிவிடுவார். உள்ளே சோறும் உப்பும் மிளகாயும் இருக்கும். வைத்தியம் பார்க்க வந்தவர் நாடியைப் பார்க்கலாம், நாக்கைப் பார்க்கலாம். பானையைப் பார்க்கலாமா? பெண்கள் அவருக்குப் பானை டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். அவர் தலை தெரிந்தால் அடுப்பை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பார்த்ததைப் போய்ச் சொல்லி அரிசியைக் குறைக்கத்தான் வருகிறார் என்று அவர்களுக்குச் சந்தேகம். மனு எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வந்த ஆள் என்று பெரிய கங்காணிக்குச் சந்தேகம். ஒரு மருந்துக்காரனுக்கு எதற்கு இவ்வளவு புத்தகக் கட்டு தபாலில் வருகிறது என்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் துரை என்னைப் பிடித்தார். ஆள் என்ன எழுதுகிறான், யாருக்கு அனுப்புகிறான் என்று ஒரு கண் வைத்துக்கொள் என்றார். ஆபீசில் டைப் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டாக்டரையாவுக்கு டைப் அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆக, உளவு பார்க்கிறவனே எழுத்து வேலையும் செய்கிறவனாக, சனிக்கிழமைப் பகல்களில் அவர் அறையில் போய் உட்கார்ந்தேன்.

சதைச் சத்து என்று அவர் சொல்லுவார். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புரதம் என்கிறார்கள். அதைப் பற்றி மட்டுமே கட்டுரை போடுகிற சஞ்சிகை ஒன்று சீமையில் இருந்தது. அதற்கு ஒரு மீளாய்வுக் கட்டுரை தயார் செய்துகொண்டிருந்தார். மீளாய்வு என்றால், புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை. அரிசியிலும் பருப்பிலும் உள்ள சதைச் சத்தைப் பற்றி, அதைத் தின்று உழைக்கிறவர்களைப் பற்றி, இதுவரை யார் யார் என்ன எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் படித்து, எது நம்பக்கூடியது, எது இன்னும் யாருக்கும் தெரியாதது என்று ஒரே கட்டுரையில் பிரித்துச் சொல்வது. இந்த மனுஷனுக்கென்றே கடவுள் அளந்து தைத்துக் கொடுத்த வேலை என்று நினைத்தேன்.

சஞ்சிகைக்காரர்களின் விதிகளைச் சுவரில் ஒட்டியிருந்தார். தாளின் ஒரு பக்கம்தான் அடிக்க வேண்டும். ஓரத்தில் அகலமாக இடம் விட வேண்டும். இரண்டு பிரதி வேண்டும். எந்தச் செய்தியை எங்கிருந்து எடுத்தோம் என்று எண் போட்டுக் கடைசியில் பட்டியல் கொடுக்க வேண்டும். பட்டியலுக்காக, தேயிலைப் பெட்டியில் ஒட்டுகிற சீட்டுகளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஜெர்மன் பாஷைக் கட்டுரை வந்தால் பதுளையில் ஒரு பாதிரியாரிடம் கொடுத்து அர்த்தம் எழுதி வாங்குவார். பிறகு அதையே பண்டாரவளையில் இன்னொரு பாதிரியாரிடம் கொடுத்து வாங்கி, இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்.

சீட்டுகளைப் போட இரண்டு பிஸ்கட் டப்பா இருந்தன. தானே எடை போட்டு, தானே சோதித்து எழுதியவர்களின் சீட்டு ஒரு டப்பாவில். பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியவர்களின் சீட்டு இன்னொன்றில். பார்த்தவர் டப்பா, கேட்டவர் டப்பா. முதல் டப்பாவில் அடி தெரிந்தது. இரண்டாவதை மூட முடியாமல் மேலே கல் வைத்திருந்தார். பெரிய பெரிய பட்டம் வாங்கிய ஆட்கள் எல்லாம் அந்தக் கல்லுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தார்கள். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர்கள் நடுவே நானும் கிடக்கிறேன் என்று அப்போது தெரியாது.

ஒரு நாள் துரையிடம் போய், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்குத் தினம் கொஞ்சம் பருப்புக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். துரை எழுந்து அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை, தானாகவே திறந்துகொண்டது. இலங்கை மலைத் தோட்டங்களில் கூலிகள் போதுமான பருப்புச் சாப்பிடுகிறார்கள், இது எடை போட்டு அறியப்பட்டது என்று அச்சில் இருந்தது. டாக்டரையா அதைப் படித்துவிட்டு, பணிவாகத்தான், துரை பார்த்தாரா என்று இங்கிலீஷில் கேட்டார். துரையின் கழுத்து சிவந்தது. அச்சில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

அன்றிலிருந்து டாக்டரையாவுக்கு அந்த ஒரு வரிதான் உலகம். அச்சில் இருப்பதை அச்சில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போனார். அந்தப் புத்தகம் அதை இன்னொரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தது. அந்தக் கட்டுரையைத் தருவித்தார். அதில் இலங்கை இல்லை, ஊவா மாகாணம் என்று இருந்தது. அது காட்டிய அதற்கு முந்தின கட்டுரையைத் தருவித்தார். அதில் பதுளைப் பக்கத்துத் தோட்டங்கள் என்று இருந்தது. அதற்கும் முந்தினதில் ஒரு தோட்டம். பின்னால் போகப் போக ஊர் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சீட்டையும் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டவர் டப்பாவில் போட்டார். நான் டைப் மெஷினில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எங்கே போய் முடியும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

அது எங்கள் தோட்டம். நாலாம் லயம். எடை போட்டவன் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டர் துரை பங்களாவில் வந்து தங்கினார். கூலிகள் ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று எடை போட்டு எழுத வேண்டுமாம். ஒரு லயத்தைக் காட்டினார்கள். வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. நல்ல மழை. அவர் கடைசி வாசலில் கூரைக்குக் கீழே குடையோடு நின்றுகொண்டார். நான் தராசை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காம்பராவாக உள்ளே போய் எடை போட்டுக் கத்துவேன், அவர் எழுதிக்கொள்வார். அரிசி வீட்டுக்கு வீடு வித்தியாசமாக இருந்தது. பருப்பு முதல் வீட்டில் ஒரு பித்தளைக் கும்பாவில் விளிம்பு வரைக்கும் இருந்தது. இரண்டாவது வீட்டிலும் பித்தளைக் கும்பா, விளிம்பு வரைக்கும். மூன்றாவது வீட்டில் கும்பாவைக் கையில் எடுத்தபோது அடியில் ஒரு சொட்டை தட்டுப்பட்டது. முதல் கும்பாவிலும் அதே இடத்தில் சொட்டை இருந்தது.

லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. நான் ஒரு வாசலில் வெளியே வந்து அடுத்த வாசலில் நுழைவதற்குள், கும்பா சுவருக்கு மேலே கைமாறிப் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. பித்தளை சுவரில் உரசும் சத்தத்தை நான் காதால் கேட்டேன். கும்பா மூக்காயி என்பவளுடையது, பருப்பும் அவளுடையதுதான். பங்களாவிலிருந்து ஆள் வந்து அடுப்படியைப் பார்க்கும்போது வெறும் பானையைக் காட்ட எந்தப் பெண் சம்மதிப்பாள்? பதினொரு வீட்டில் அந்த ஒரே பருப்பை எடை போட்டேன். பாத்திரத்தின் எடையைத் திரும்பத் திரும்பக் கழிக்க வேண்டிய வேலைகூட இல்லாமல் போயிற்று. பன்னிரண்டாவது வீட்டுக்காரிக்கும் பதினோராவது வீட்டுக்காரிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் கும்பா அந்தச் சுவரைத் தாண்டவில்லை. அவள் மட்டும் நிமிர்ந்து நின்று, பருப்பு இல்லை என்றாள். நான் சைபர் என்று கத்தினேன்.

பெண்களின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நான் பத்து வருஷமாக எனக்கே சொல்லிவந்தேன். அது கொஞ்சம் உண்மை. மழையில் நனைந்துகொண்டு வெள்ளைக்காரனிடம் இதை விளக்கச் சோம்பல் என்பது மீதி உண்மை.

தோட்டங்களுக்கு ஆள் அனுப்புகிற மதராஸ் அலுவலகத்தில் கிடந்த மூலப் பட்டியலை, யாருக்கோ எழுதிக் கேட்டுக் கைப்பிரதி எடுத்துத் தருவித்துவிட்டார் டாக்டரையா. அதை மேசையில் விரித்து, பருப்பு என்ற கட்டத்துக்குக் கீழே அடிக்கோலை வைத்தார். பதினொரு வரியிலும் ஒரே எடை. பன்னிரண்டாவது வரியில் ஒரு சைபரைப் போட்டு, கிளாக்கரின் தவறு என்று பக்கத்தில் குறித்து அடித்திருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடிக்கோலை எடுத்துக்கொண்டு, பட்டியலை மட்டும் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு மருந்து கலக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. தோட்டத்தின் பெயர் அதில் இருந்தது, தேதியும் இருந்தது. அந்தத் தேதியில் இங்கே கிளாக்கர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு பெரிய மூளை தேவையில்லை. ஆனால் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பால்காரனைக் கேட்டார், பாதிரியாரைக் கேட்டார், துரையைக் கூடக் கேட்டார். அந்தப் பட்டியலைப் பற்றி என்னிடம் மட்டும் அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு நாள் ஆபீசிலிருந்து பழைய கைத்தராசை இரவல் வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை. இன்னொரு நாள் ஒரே பக்கத்தை மூன்று தடவை டைப் அடிக்கச் சொன்னார். அடித்து முடித்து நிமிர்ந்தால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைக்காக நான் அவரை உளவு பார்த்தது போய், அவர் என்னை உளவு பார்க்கிறார் என்று தோன்றிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான், வேறு பெரிய மனச்சாட்சி எதுவும் அப்போது எனக்கு இல்லை.

நாலாம் லயத்துக்குப் போய்ப் பெண்களை விசாரித்தார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மூக்காயியின் மகள் அழகம்மா அப்போது மாசமாக இருந்தாள். முகம் காகிதம் மாதிரி, கால் இரண்டும் தூண் மாதிரி. வாரம் இரண்டு தடவை அவளை வரச்சொல்லி இமையை இழுத்துப் பார்ப்பார். தன் கைக்காசில் பருப்பு வாங்கி அனுப்பினார். பானை டாக்டர் அனுப்பியது என்று மூக்காயி திருப்பி அனுப்பிவிட்டாள். தோட்டம் கொடுத்தால் எல்லோரோடும் சேர்ந்து வாங்கிக்கொள்வார்கள், ஒருத்தர் இரக்கப்பட்டுக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

கட்டுரையை முடித்தார். பருப்பு எடை பற்றி, பதினொரு வீட்டிலும் ஒரே எடை இருப்பது நம்பத்தகாதது, ஆகவே இந்த எண்ணைத் தள்ள வேண்டும், காரணம் அறியோம் என்று எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். காரணம் அறியோம் என்ற இடத்தில் என் விரல் தவறவில்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு பிரதியையும் மெழுகுத் துணியில் கட்டி, பதுளைத் தபாலாபீசுக்கு அவரே நடந்து போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, ரசீதில் இருந்த ஊர்ப் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

பதில் வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அழகம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. கையளவு குழந்தை. மூன்று நாள் இருந்தது. நான் பெயரைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டியவன். பெயர் வைக்கவில்லை என்று சொன்னார்கள். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

சீமையிலிருந்து ஆசிரியர் எழுதியிருந்தார். இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். கட்டுரை நன்றாக இருக்கிறது, போடலாம் என்கிறார்களாம். ஆனால் பலரும் ஏற்றுக்கொண்ட ஒரு எண்ணை வெறும் சந்தேகத்தின் பேரில் தள்ள முடியாது. காரணத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை நீக்க வேண்டும். டாக்டரையா கடிதத்தை மடித்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "நல்ல ஆளுங்க. நம்பல" என்றார். தன்னைப் போலவே கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று கண்டுகொண்ட மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு அந்தப் பக்கங்களை என் முன்னால் வைத்து, அந்தப் பகுதி இல்லாமல் புதிதாக அடிக்கச் சொன்னார்.

தாளை மெஷினில் ஏற்றினேன். நான் தப்பித்துவிட்டேன். அந்தப் பகுதி இல்லாமல் கட்டுரை போகும், எண் நிற்கும், துரையின் புத்தகம் அதே பக்கத்தில் திறந்துகொள்ளும், என் வேலையும் நிற்கும். டாக்டரையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவது போலக் கேட்டார்.

"பதினொரு வீட்லயும் ஒரே எட இருந்திருக்குமா, கிளாக்கரே? நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவர் யாரிடமும் நினைப்பைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நினைப்பு என்பது அவருடைய இரண்டு டப்பாவிலும் சேராத சாமான். பெயர் வைக்காத குழந்தைக்காக நான் புத்தகத்தில் போட்டிருந்த கோடு கண்ணுக்கு முன்னால் நின்றது.

"நெனைக்க ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "நான் பாத்தேன்."

அவர் திரும்பவில்லை. பென்சிலை எடுத்தார். எந்த வீட்டில் தொடங்கினேன், கும்பாவில் சொட்டை எந்தப் பக்கம், சுவர் எவ்வளவு உயரம், அந்த டாக்டர் எங்கே நின்றார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை போகலாம் என்பதையும் அவரே சொன்னார். போட்டேன். கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்க்கவில்லைதான், ஆனால் ஒரு நல்ல வார்த்தையாவது எதிர்பார்த்தேன். "நீங்க பாத்தவரு. நான் இப்பக் கேட்டவன்தான். வாங்க, போவோம்" என்று சட்டையை மாட்டினார். நான் சொன்னதையும் அவர் நம்பவில்லை!

நாலாம் லயத்தில் மூக்காயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் பேசினேன், அவர் பின்னால் நின்றார். கும்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு அன்னிக்கே தெரியும்னு எங்களுக்குத் தெரியுங்க" என்றாள். "நீங்க எங்களக் காட்டிக் குடுக்கல. அதான் இந்த ஐயா வந்து கேட்டப்ப நாங்களும் உங்களக் காட்டிக் குடுக்கல."

உள்ளே போய்க் கும்பாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே அழகம்மா சுவரோரம் படுத்திருந்தாள், எங்கள் பக்கம் திரும்பவில்லை. டாக்டரையா பையிலிருந்து ஒரு பொட்டலம் பருப்பை எடுத்துக் கும்பாவில் விளிம்பு வரைக்கும் கொட்டி, ஆபீசில் இரவல் வாங்கிய அதே தராசில் தூக்கிப் பார்த்தார். கும்பாவைக் கழித்ததும், பட்டியலில் இருந்த எடை அப்படியே நின்றது.

கட்டுரை அச்சாகி வந்தது. அந்தப் பகுதி முழுதாக இருந்தது. எடை போட்டவரே தெரிவித்தது, கட்டுரை எழுதியவர் நேரில் சோதித்தது என்று அடியில் குறிப்பு. கும்பா வீட்டை விட்டால், பன்னிரண்டாவது வீட்டின் சைபர்தான் பருப்புக் கட்டத்தில் உண்மையான ஒரே எண் என்றும் இருந்தது. துரை அதை இரண்டு தடவை படித்தார். அச்சில் இருந்தது, வேறு வழியில்லை. அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பருப்பு என்று உத்தரவு போட்டார். அதே தாளில் இன்னொரு உத்தரவும் இருந்தது. என்னை ஆபீசிலிருந்து மாற்றி, கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். துரைக்கும் வேடிக்கை தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

டாக்டரையாவுக்கும் அதே வருஷம் சீட்டுக் கிழிந்தது. வேறு மாகாணத்துக்குப் போகப் பண்டாரவளை ரயிலைப் பிடிக்க வேண்டும். மாட்டு வண்டியில் பெட்டியை ஏற்றிவிட்டு, பிஸ்கட் டப்பா ஒன்றை என்னிடம் கொடுத்தார். பார்த்தவர் டப்பா. உள்ளே கடைசிச் சீட்டில் என் பெயர் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னமோ அத்தனை மாதமாக உள்ளே கிடந்த கேள்விதான். என்மேல் எப்போதிலிருந்து சந்தேகம் என்று கேட்டேன். பட்டியல் வந்த அன்றே என்றார்.

"அன்னிக்கே என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீங்க இல்லேன்னுருப்பீங்க" என்றார். "அத நான் எழுதியிருக்கணும். எழுதுன பெறகு மாத்த மாட்டீங்க."

அவர் சொன்னது சரிதான். நான் அப்படிப்பட்ட ஆள்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. நான் பழுப்பதற்காக இவர் காத்திருந்தார், நானும் பயந்துகொண்டு காத்திருந்தேன், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் அந்தப் பெண் கால் வீங்கிக் கிடந்தாள். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. கூடவே நடந்துகொண்டு, நெஞ்சில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். "நாம காத்துக்கிட்டிருந்த நேரத்துலதாங்க அழகம்மா புள்ள போச்சு."

வழக்கமாக இந்த இடத்தில் வரவேண்டிய கேள்வி வரவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும், கிளாக்கரே" என்றார். "நான் பாத்தேன்."

வண்டி வளைவில் திரும்பியது. அவருடைய சீட்டு அந்த டப்பாவில் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இல்லை. ஒரு சீட்டை எடுத்து அவர் பெயரை நானே எழுதிப் போட்டேன்.